பக்கத்து பெஞ்சின் முணுமுணுப்பு: பெருந்தொற்றுக் காலத்தில் உருது மாணவிகளின் ஆங்கில வகுப்பு

2020 நவம்பர் கடைசியில் வாட்ஸ்அப்பில் என் மாணவி ஒருத்தி எனக்கு அனுப்பிய கட்டுரையில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘மை பிரதர் ஃபர்காட் ஹெர் புக்.’ பிரதர் என்று எழுதிவிட்டு ஹெர் போட்டிருக்கிறாளே என்று சிவப்பில் வட்டமிட்டேன். அடுத்த கட்டுரையிலும் அதே மாதிரி. அதற்கடுத்ததில், ‘மை ஃபாதர் ஸோல்ட் ஹெர் பைக்.’ ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான் நினைத்தது தப்பு என்று தெரிய மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் என் வகுப்பில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு எதை மாற்றினோம், எது மாறவே இல்லை என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். மாணவிகளின் பெயரும் கல்லூரியின் பெயரும் இதில் இல்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், பாலாற்றை ஒட்டி ஆம்பூரும் வாணியம்பாடியும் வரும். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டம். வெளியூர்க்காரர்களுக்கு ஆம்பூர் என்றால் பிரியாணி. ஊர்க்காரர்களுக்குத் தோல் தொழிற்சாலையும் ஷூ கம்பெனியும்தான் சோறு. பல தலைமுறைகளாக உருது பேசும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919-லேயே தொடங்கிவிட்டது. பள்ளி, கல்லூரி விஷயத்தில் இது பின்தங்கிய ஊர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் நாக்கில் எத்தனை மொழி என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வீட்டில் பேசுவது உருது, ஆனால் அதில் தக்கணத்து வாடை இருக்கும். வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹௌ’. பாடப்புத்தகத்து உருது வேறு, அதில் ‘நக்கோ’ கிடையாது. கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் தமிழ். ஓதும்போது அரபு. இதற்கெல்லாம் மேலே ஆங்கிலம். இரண்டு மொழி வலமிருந்து இடமாகப் போகும், இரண்டு மொழி இடமிருந்து வலமாக. 2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டத்துக்குப் பிறகு பள்ளியில் தமிழும் கட்டாயப் பாடம் ஆனது. தமிழ்த் தாளிலிருந்து விலக்கு கேட்டு மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் போனதும் உண்டு. கல்லூரிக்கு வந்தால் பகுதி ஒன்றில் தாய்மொழியை எடுத்துக்கொள்ளலாம். பகுதி இரண்டு எல்லோருக்கும் ஆங்கிலம். அந்தப் பகுதி இரண்டுதான் என் வகுப்பு. பி.காம். முதலாண்டு, மகளிர் கல்லூரி. பெரும்பாலானவர்களுக்கு வீட்டு மொழி உருது. எனக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், உருது தெரியாது. நடந்ததை எல்லாம் புரிந்துகொள்ள இந்த ஒன்றைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும்.

முதல் கட்டம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை

அந்த வருடம் முதலாண்டு வகுப்பே கூகுள் மீட்டில்தான் தொடங்கியது. நான் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததில்லை, அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. திரையில் வரிசையாக வட்டங்கள். சில வட்டத்தில் ரோஜாப்பூ, சிலவற்றில் மக்கா படம், பாதிக்கு மேல் அப்பாவின் பெயர். போன் அப்பாவுடையது.

கேமராவை யாரும் போடவில்லை. பர்தாதான் காரணம் என்று பலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சில வீடுகளில் அது உண்மைதான். ஆனால் அப்புறம் பேசிப் பார்த்தபோது நிறையப் பேர் சொன்ன காரணம் வேறு. ஒரே அறை, பின்னால் தம்பி படுத்திருப்பான், அம்மீ (அம்மா) வெங்காயம் நறுக்குவாள், சுவர் பெயர்ந்திருக்கும். வீட்டைக் காட்ட மனசு வராதது எந்த மதத்துப் பிள்ளைக்கும் உண்டு.

மைக்கும் போடவில்லை. பாடம் நடத்தி முடித்து, புரிந்ததா என்று கேட்பேன். சாட்டில் வரிசையாக ‘எஸ் மேம்’, ‘எஸ் மேம்’, ‘எஸ் மேம்’. நாற்பது எஸ். ஒரு கேள்வி இல்லை. தேர்வு வைத்தால் அந்த நாற்பதில் முப்பது பேருக்கு ஒன்றுமே புரிந்திருக்கவில்லை என்று தெரியும்.

போன் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். 2021 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு, ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் என் வகுப்பில் பல பெண்களுக்குத் தட்டுப்பாடு டேட்டாவில் இல்லை. போனே காலை 8 மணிக்கு அப்பாவோடு ஷூ கம்பெனிக்குப் போய்விடும், இரவு 8 மணிக்குத்தான் திரும்பி வரும். 11 மணி வகுப்புக்கு அந்தப் பெண் எப்படி வருவாள்? அவளுடைய வருகைப் பதிவில் நான் ‘ஆப்ஸென்ட்’ போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த மாதங்களில் என் குறிப்பேட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. ‘அடிப்படை இல்லை’, ‘ஆர்வம் இல்லை’, ‘பெயர்ச்சொல் பிரதிப்பெயர் குழப்பம், மறுபடி நடத்த வேண்டும்’. நானும் மறுபடி நடத்தினேன், அதே ஆங்கிலத்தில், இன்னும் மெதுவாக. இடையிடையே தமிழில். எனக்குத் தமிழில் சொல்வது உதவி என்று தோன்றியது. அவர்களில் பலருக்குக் கடைத்தெருத் தமிழ் வரும், இலக்கணம் விளக்கும் தமிழ் வராது.

ஆறு வாரம் நேரில்

2021 பிப்ரவரி 8-ஆம் தேதி கல்லூரி திறந்தது. முகக்கவசம், இடைவெளி விட்ட பெஞ்சுகள், வாசலில் சானிடைசர். முதல் நாளே நான் கவனித்தது சத்தம். நான் ஒரு வாக்கியம் சொன்னவுடன் வகுப்பு முழுக்க மெல்லிய முணுமுணுப்பு ஒன்று ஓடும், அப்புறம் அடங்கும். அடுத்த வாக்கியம், மறுபடி முணுமுணுப்பு. ‘பேசாதீங்கம்மா’ என்று இரண்டு மூன்று முறை அதட்டினேன். அதட்டியதும் அமைதி ஆவார்கள். அமைதியானால் முகம் வெறிச்சென்று ஆகிவிடும். ஆன்லைனில் நான் பார்க்காத முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அதட்டுவதை விட்டுவிட்டு இரண்டாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஆங்கில வழிப் பள்ளியில் படித்து வந்த பெண் ஒருத்தி நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் உருதுவில் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்தவள் பாதி திரும்பி அதைக் கேட்டுக்கொண்டு, அவள் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள். ஒவ்வொரு இரண்டு மூன்று பெஞ்சுக்கும் இப்படி ஒருத்தி. யாரும் நியமிக்கவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பள்ளிக் காலம் முழுக்க இந்தப் பிள்ளைகள் ஆங்கிலம் படித்தது இப்படித்தான்.

கூகுள் மீட் துண்டித்தது இதைத்தான். அங்கே பக்கத்து பெஞ்ச் கிடையாது. ஒருத்தி பேசினால் நாற்பது பேருக்கும் எனக்கும் கேட்கும். அதனால் யாரும் பேசவில்லை. வகுப்புக்கு வந்த நாளெல்லாம் அவர்கள் பக்கத்துணை இல்லாமல், எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளை மட்டும் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

அன்று மதியமே உருதுத் துறையில் வேலை பார்க்கும் தோழியிடம் ‘ஹெர் புக்’ கட்டுரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தவுடன் சிரித்தார். “மேடம், இது கவனக்குறைவு இல்ல. இது சுத்தமான உருது” என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் தமிழ் மட்டும் தெரிந்த ஆங்கில ஆசிரியர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. தமிழில் அவன் புத்தகம், அவள் புத்தகம். புத்தகத்துக்கு உரியவர் ஆணா பெண்ணா என்பதைப் பார்த்து அவன், அவள் வரும். ஆங்கிலத்தில் ஹிஸ், ஹெர் என்பதும் அப்படித்தான். உருதுவில் உரியவரைப் பார்ப்பதில்லை, உடைமையைப் பார்க்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. கிதாப், அதாவது புத்தகம், பெண்பால். அதனால் ‘உஸ்கீ கிதாப்’. அது அவன் புத்தகமாகவும் இருக்கலாம், அவள் புத்தகமாகவும் இருக்கலாம். கர், அதாவது வீடு, ஆண்பால். அதனால் ‘உஸ்கா கர்’. அதுவும் யார் வீடாகவும் இருக்கலாம். வண்டி பெண்பால். அப்பா விற்றது வண்டி, அதனால் மனதில் ‘கீ’ ஒலிக்கிறது, கை ‘ஹெர்’ என்று எழுதுகிறது. பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். ‘மை ஸிஸ்டர் வென்ட் டு ஹிஸ் ஹவுஸ்’ என்று ஒன்று இருந்தது. வீடு ஆண்பால். கணக்குச் சரியாக இருந்தது.

மூன்று மாதமாக நான் சிவப்பு வட்டம் போட்டது அவர்கள் மொழியின் ஒழுங்கின் மேல். ஒழுங்காக யோசித்த பிள்ளைக்கு ‘கவனமாக எழுது’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அதே வாரத்தில் இன்னொன்றும் விளங்கியது. ஒரு பெண் டிசம்பரில் எனக்கு ‘மேம், யெஸ்டர்டே ஐ வில் ஸென்ட்’ என்று செய்தி போட்டிருந்தாள். நேற்று அனுப்பிவிட்டாளா, நாளைக்கு அனுப்பப் போகிறாளா? காலமே தெரியவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். உருதுவில் ‘கல்’ என்றால் நேற்றும் உண்டு, நாளையும் உண்டு. வினைச்சொல்லைப் பார்த்துத்தான் எது என்று தெரியும். ‘பர்ஸோ’ என்றால் முந்தாநாளும் அதுதான், நாளன்னைக்கும் அதுதான். அவள் வில் என்று சரியாகத்தான் போட்டிருந்தாள். ‘கல்’ என்ற சொல்லுக்கு மட்டும் அகராதி முதலில் காட்டியதை எடுத்து எழுதிவிட்டாள்.

உச்சரிப்பில் நேர்மாறு. ஸ்கூல் ‘இஸ்கூல்’ ஆவது நம் ஊர்த் தமிழிலும் உண்டு, உருதுவிலும் உண்டு. ஆனால் ஜிந்தகி (வாழ்க்கை, இசட் ஒலியில் தொடங்கும்), ஃபிக்ர் (கவலை) என்று பிறந்ததிலிருந்து பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் இசட், எஃப் ஒலிகள் தண்ணீர் மாதிரி வரும். விலங்குக் காட்சிசாலைக்கான ஆங்கிலச் சொல்லை என் தமிழ்ப் பிள்ளைகள் ‘ஜூ’ என்று சொல்லித் தடுமாறும் இடத்தில் இவர்கள் திருத்தமாகச் சொன்னார்கள். மைக்கையே போடாததால் இந்தத் திறமை அதுவரை யார் காதுக்கும் எட்டவில்லை.

மறுபடி ஆன்லைன்

மார்ச் 23 முதல் கல்லூரிகள் மறுபடி ஆன்லைனுக்குப் போயின. இந்த முறை வெறும் கையோடு போகவில்லை. கடைசி நாள் வகுப்பிலேயே ஐந்தைந்து பேராகப் பிரிந்து குழு போட்டுக்கொள்ளச் சொன்னேன். நேரில் எந்த பெஞ்சில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்களோ அப்படியே. ஒவ்வொரு ஐந்து பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் நான் இல்லை, வேண்டுமென்றேதான். டீச்சர் இருக்கும் குழுவில் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

வகுப்பையும் மாற்றினேன். ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசாமல் பத்து நிமிடம் நடத்துவேன், பிறகு ஐந்து நிமிடம் நிறுத்துவேன். அந்த ஐந்து நிமிடம் அவரவர் குழுவில் உருதுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டுப் பேசிக்கொள்ளலாம். பிறகு குழுவுக்கு ஒரு கேள்வி ஆங்கிலத்தில் வர வேண்டும். முதல் நாள் ஒரு கேள்விகூட வரவில்லை. இரண்டாம் வாரத்தில் ‘மேம், வை நாட் ஹெர்?’ என்று சாட்டில் ஒரு வரி வந்தது. நான்கு சொல்தான். நவம்பரிலிருந்து அந்த வகுப்பில் வந்த முதல் கேள்வி அது.

போன் பகலில் இல்லாதவர்களுக்காக ஒவ்வொரு பாடத்தையும் ஏழெட்டு நிமிட வாய்ஸ் மெசேஜாகப் போட்டேன். அதைக் கேட்டுவிட்டுத் தங்கள் குரலில் ஒரு நிமிடம் பேசி அனுப்ப வேண்டும். ஏப்ரல் 14-ஆம் தேதி ரமலான் நோன்பு தொடங்கியது. அன்றிலிருந்து குரல்கள் வரும் நேரம் மாறிவிட்டது. காலையில் எழுந்து போனைப் பார்த்தால் நான்கு, நாலரை மணிக்கு அனுப்பியவை காத்திருக்கும். சஹருக்கு எழுந்து, சாப்பிட்டு, அப்பா தொழப் போன நேரத்தில் போனை எடுத்திருப்பார்கள். ஒரு பெண்ணின் குரலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம், தூரத்தில் பாங்கு. ‘டுடே ஐ வில் டாக் அபவுட் மை கிராண்ட்மதர்’ என்று ஆரம்பித்தாள். நடுவில் ஒரு சொல் வராமல் நின்றாள். ‘அம்மீ, உஸ்கோ க்யா போல்தே?’ (அம்மா, அதுக்கு என்ன சொல்வாங்க?) என்று கேட்டது தெளிவாகப் பதிவாகியிருந்தது. அம்மாவுக்கும் தெரியவில்லை. அக்காவைக் கேட்டாள். பிறகு சொல்லி முடித்தாள். ஒரு நிமிடத்தில் அந்த வீடே ஆங்கிலம் தேடியது. அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

உருது தெரியாத எனக்கு இந்த மாதங்களில் தமிழ்தான் வழி காட்டியது. ஒரு நாள் ஒரு பெண் ‘இங்கிலீஷ் இஸ் நாட் கமிங் டு மீ’ என்று எழுதியிருந்தாள். இதை என் தமிழ்ப் பிள்ளைகளும் எழுதுவார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. உருதுவில், ‘முஜே இங்கிலீஷ் நஹீ ஆதீ.’ முஜே என்றால் எனக்கு, ஆதீ என்றால் வரும். இரண்டு மொழியிலும் மொழி என்பது நம்மிடம் வர வேண்டிய ஒன்று. பசியும் அப்படித்தான், எனக்குப் பசிக்கிறது, முஜே பூக் லகீ ஹை. வினை கடைசியில் வருவதும் இரண்டுக்கும் பொது. அடுத்த வகுப்பில் மூன்று வரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரையில் போட்டேன். உருது வரியை அவர்களே தட்டச்சு செய்து அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் மட்டும் ‘எனக்கு’ இல்லை, ‘நான்’ முன்னால் வந்து நிற்கும், ஐ ஆம் ஹங்க்ரி, ஐ டோன்ட் நோ இங்கிலீஷ். எந்த இடத்தில் பாதை பிரிகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். அந்தப் பிழை பெரும்பாலும் நின்றுவிட்டது. வெறுமனே தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த மாதங்களில் அது நிற்கவில்லை.

உருது, இந்தி வழியாக ஆங்கிலம் சொல்லித்தரும் யூடியூப் பாடங்களையும் பலர் பார்த்திருந்தார்கள். டெல்லிக்காரர்களும் லாகூர்க்காரர்களும் நடத்துபவை. அந்த உருது தங்கள் வீட்டு உருது மாதிரி இல்லை, ஆனாலும் தமிழைவிட நெருக்கம் என்றார்கள். நான் தடுக்கவில்லை. அதில் கேட்டதை வகுப்பில் சொல்லுங்கள் என்றேன்.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஆங்கில வகுப்பில் உருதுவை விட்டால் ஆங்கிலம் எப்போதும் வராது என்று மூத்த ஆசிரியர் ஒருவர் வாதாடினார். அவர் கவலை நியாயமானதுதான். வீட்டில் ஆங்கிலம் கேட்க வாய்ப்பில்லாத பிள்ளைக்கு வகுப்பு ஒன்றுதான் இடம், அதையும் பிடுங்கலாமா என்றார். என் அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. உருதுவுக்கு இடமே இல்லாமல் நான் நடத்திய மாதங்களில் அந்தப் பிள்ளைகள் வாயிலிருந்து வந்த ஆங்கிலம் ‘எஸ் மேம்’ மட்டும். உருதுவில் பேச விட்ட பிறகு வாரத்துக்கு எட்டு பத்துக் கேள்வி வந்தது, ஆங்கிலத்தில்.

சரியாகாதவை

மே மாதம் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தது. மே 10 முதல் முழு ஊரடங்கு. ஷூ கம்பெனி மூடியதால் போன் பகலிலும் வீட்டில் இருந்தது, ஆனால் அப்போது யாருக்கும் பாடத்தில் மனசு இல்லை. ஒரு குழுவில் மூன்று வீடுகளில் காய்ச்சல். ஒரு மாணவியின் தாத்தா இறந்துபோனார். அந்த ஈத் கழிந்து ஒரு வாரம் நான் வகுப்பே வைக்கவில்லை.

ஐந்தாறு பேர் திரும்பி வரவில்லை. ஒருத்திக்கு ஊரடங்கிலேயே கல்யாணம் முடிந்திருந்தது. ஒருத்தி வீட்டுக் கடனுக்காக ஷூ மேல்பாகம் தைக்கும் வேலைக்குப் போய்விட்டாள். அவளிடம் போனில் பேசினேன். “டி.சி. வாங்கிக்கிறேன் மேம், எனக்கு மெசேஜ் மட்டும் அனுப்புங்க, கேட்டுட்டே தைப்பேன்” என்றாள். இரண்டு மாதம் அனுப்பினேன். அப்புறம் அந்த எண் வேறு யாரிடமோ போய்விட்டது. எந்த முணுமுணுப்புக் குழுவாலும் அவளைப் பிடித்து வைக்க முடியவில்லை.

வீட்டிலிருந்தே தேர்வு எழுதி, படம் எடுத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் முறையில் மதிப்பெண் எல்லோருக்கும் நன்றாகவே வந்தது. அதை வைத்து யாருக்கு எவ்வளவு ஆங்கிலம் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

நான் தாமதமாகக் கவனித்த இன்னொரு விஷயம், குழுக்களில் விளக்கிச் சொன்ன பிள்ளைகளின் சுமை. நேரில் முணுமுணுப்பது இரண்டு வார்த்தை. வாட்ஸ்அப்பில் அதுவே நாலைந்து வாய்ஸ் மெசேஜ், இரவு 11 மணி வரை சந்தேகம். இரண்டாவது பெஞ்சில் நடுவில் இருந்த பெண்ணின் சொந்தக் கட்டுரைகள் ஜூனில் தேய ஆரம்பித்தன. கேட்டதற்கு, ‘டைம் இல்ல மேம்’ என்றாள். நான்கு பேருக்கு ஆசிரியையாக அவளை ஆக்கிவிட்டு, அவளுக்கு யார் ஆசிரியை என்று நான் யோசிக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் விளக்கும் ஆள் மாற வேண்டும் என்று வைத்தோம். உருதுத் துறைத் தோழியும் வாரத்தில் ஒரு மணி நேரம் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் எனக்கும் அது பாடமாக இருந்தது.

2021 செப்டம்பர் 1-ல் கல்லூரி மறுபடி திறந்தது. அதே வகுப்பு, இப்போது இரண்டாம் ஆண்டு. நான் பேசியதும் பழைய முணுமுணுப்பு ஓடியது. அது அடங்கும் வரை நின்றேன். இரண்டாவது பெஞ்சில் நடுவில் இருந்தவள் பக்கத்தில் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் விளக்குவது அவள் முறையில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது, “மேம், ஐ ஹேவ் எ டவுட்” என்றாள். அவளுக்கென்று அவள் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம் அது.